அறையில் வேறு யாரும் இல்லை

குழந்தை பெற்றுக்கொண்டு வேலையை விட்ட பெண்களுக்கென்று ஒரு பெரிய கம்பெனி தனியாகத் தேர்வு வைத்தது. விளம்பரத்தில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையும் கையில் லேப்டாப்புமாக வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்த எவளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கீழே பொடி எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். மூன்று மணி நேரம். கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நடுவில் இன்னொரு தலை தெரிந்தால், அது பிள்ளையின் தலையாகவே இருந்தாலும், தேர்வு அங்கேயே ரத்து. அம்மாக்களுக்கான தேர்வாம், ஆனால் பிள்ளை எட்டிப் பார்க்கக் கூடாதாம். இதை யோசித்து எழுதிய மகராசன் நன்றாக இருக்கட்டும்.

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, அந்த விளம்பரத்தை முதலில் என்னிடம்தான் காட்டினாள். கட்டின புருஷனிடம்கூட அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"அக்கா, இது எனக்கு சரியா வருமா?"

ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். வேலையை விட்டு மூன்று வருஷம் தாண்டியவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு மூன்று வருஷம் முடிய ஏழே வாரம் பாக்கி. வேறு கம்பெனிகளுக்கு அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒருவனும் பதில்கூடப் போடவில்லை. ஆக, இதை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நீ எழுதாம வேற எவ எழுதுவா? கண்ண மூடிட்டு பாஸ் பண்ணிடுவ," என்றேன்.

அவள் பாஸ் பண்ணிவிடுவாள் என்பது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக என் வேலையைச் செய்துகொண்டிருந்தவளே அவள்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிகளில் எந்த நோயாளி எந்த டாக்டரை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. நான் சேர்ந்தபோது எங்கள் மாடியில் பெண்கள் மூன்றே பேர். என் மகன் பிறந்த நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். தாய்ப்பால் எடுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டதற்கு சர்வர் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். பல் கிட்டும் குளிரில், விசிறிகளின் இரைச்சலில், சுவரைப் பார்த்து நின்று பாலை எடுத்து வாஷ்பேசினில் கொட்டிவிட்டு மீட்டிங்குக்கு ஓடுவேன். மற்ற இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், டீம் லீட் ஆனேன். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் ஒன்றும் ஓசியில் மேலே வந்தவள் இல்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு கம்பெனி பழைய முறையை மொத்தமாகத் தூக்கிக் கடாசியது. எல்லாவற்றையும் புதிய கம்ப்யூட்டர் மொழியில் திரும்ப எழுத வேண்டும், லீடாக இருந்தாலும் அவரவர் பங்கை அவரவர் கையால் எழுத வேண்டும் என்று உத்தரவு. பயிற்சி வகுப்புக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பொடிசுகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தட்டித் தள்ளினார்கள். எனக்கு மண்டையில் ஏறவில்லை. தலைகீழாக நின்று பார்த்தேன், ஏறவே இல்லை. வெளியே சொல்லவும் பயம். ஓர் ஆண் தடுமாறினால், அவர் நிர்வாகப் பக்கம் போகட்டும் என்று நாற்காலியை மாற்றிப் போடுவார்கள். நான் தடுமாறினால், நான் அப்பவே சொன்னேன் பார் என்பார்கள். அப்படிச் சொல்லக் காத்திருந்தவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும்.

வாரத்தில் நாலு நாள் எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை. ஒரு மதியம் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னவள் டீ கொண்டு வந்தாள். என் ஓரகத்தியை நான் அப்படித்தான் சொல்வது. அவள் இடுப்பில் அவள் மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு. வேலையை விடும் வரை அவளும் இதே தொழிலில் இருந்தவள்தான். டீயை வைத்தவள் நகராமல் நின்றாள்.

"அக்கா, அந்த லைன் ரெண்டு தடவ ஓடுது பாருங்க. அத வெளிய எடுத்துட்டா போதும்."

"எந்த லைன்?"

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையின் இரண்டே விரலால் தட்டினாள். நான் மூன்று நாளாக மல்லுக்கட்டியது ஒரு நிமிஷத்தில் ஓடியது. அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். ரொம்ப நாள் பட்டினி கிடந்தவளுக்கு ஒரு வாய் கிடைத்த மாதிரி இருந்தது. 'இன்னும் இருக்கா அக்கா?' என்று கேட்டாள்.

இருந்தது. மூட்டை மூட்டையாக இருந்தது. அன்றிலிருந்து வாண்டு மதியம் தூங்கும் இரண்டு மணி நேரமும் என் லேப்டாப், என் லாகின், என் நாற்காலி, ஆனால் உட்கார்ந்திருப்பது அவள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு அவள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணுவேன். நாலு மணி மீட்டிங்கில் கிளிப்பிள்ளையாக ஒப்பிப்பேன். எந்த வரியை யார் எழுதினார்கள் என்று கம்ப்யூட்டர் ஓரத்தில் பெயர் குறித்து வைக்கும். அத்தனை வரியின் ஓரத்திலும் என் பெயர்தான். "உங்க கோடிங் இப்பல்லாம் ரொம்ப சுத்தமா இருக்கு மேடம்" என்றார் மேனேஜர். வருஷக் கடைசியில் கண்ணாடியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை ஹாலில் வைத்தேன். தினமும் அதைத் துடைத்து வைத்தவள் சின்னவள்.

அவள் பதிலுக்கு ஒன்றும் கேட்டதில்லை. "டச் விட்டுப் போகக் கூடாதுல்ல அக்கா, அதான்" என்பாள். நான் வாண்டுக்குப் பொம்மை வாங்கித் தருவேன். நீ எனக்குத் தங்கச்சி மாதிரி என்பேன். அது பொய் இல்லை, எனக்கு அவளை நிஜமாகவே பிடிக்கும். தேர்வு அன்றைக்கு நான் செய்த காரியத்தை அந்தப் பிரியம் ஒரு நிமிஷம்கூடத் தடுக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேர்வுக்குப் பணம் கட்டியதிலிருந்து அவள் ஆளே மாறிப் போனாள். துணி மடிக்கும்போதும் வாய் முணுமுணுக்கும். நான் மட்டும் என்ன, உதவிதான் செய்தேன். "இது ஒண்ணு மட்டும் முடிச்சுக் குடுத்துடு, அப்புறம் நீ படி" என்று தினமும் ஏதாவது ஒன்றைத் தள்ளினேன். எங்கள் டீமில் லீடுக்கும் மேலே ஆர்க்கிடெக்ட் என்று ஒரு பதவி வரவிருந்தது, அது எனக்குத்தான் என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லியிருந்தார். சின்னவள் வேலைக்குப் போய்விட்டால் அந்த நாற்காலியில் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது? ஆனாலும் தேர்வை எழுதவிடாமல் செய்ய வேண்டும் என்று நான் திட்டம் எதுவும் போடவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தேர்வுக்கு என் வேலை அறையைத்தான் கொடுத்தேன். வீட்டில் கதவை மூடினால் சத்தம் கேட்காத அறை அது ஒன்றுதான். ஆனால் தாழ்ப்பாள் கிடையாது. வாண்டு இரண்டு வயதில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கதறியதிலிருந்து, பாத்ரூம் தவிர எல்லாக் கதவிலும் கொழுந்தன் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்திருந்தான். சின்னவள் நாற்காலி ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வதாக இருந்தாள். அன்றைக்குக் காலை பத்து மணிக்குக் கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்ன கண்காணிப்பாளர், உட்காரும் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலி அறையில் இருக்கக் கூடாது என்றுவிட்டார். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கதவு சும்மா மூடித்தான் இருக்கும் அக்கா. வாண்டு வந்துட்டா…"

"எதுக்கு வரப் போறா? நான் எதுக்கு இருக்கேன்? லீவு மாதிரிதான் இன்னைக்கு எனக்கு. நீ போ, நல்லா எழுது," என்று நாற்காலியை வாங்கிக்கொண்டேன்.

அவள் வாண்டுவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "அம்மா உள்ள இருக்கும்போது என்ன பண்ணக் கூடாது?"

"கதவ தொறக்கக் கூடாது."

"தொறந்தா?"

"அம்மாக்கு வேல போயிடும்."

"என் கண்ணுல்ல. பெரியம்மா சொல்ற பேச்சக் கேட்டுட்டு சமத்தா இருக்கணும்." பிள்ளைக்கு முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். 'அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று அவள் கேமராவிடம் வாய்விட்டுச் சொல்வது கேட்டது. அப்புறம் விசைகளின் சத்தம் மட்டும்தான்.

என் புருஷனும் மகனும் ஊரில் இல்லை. கதவுக்கு வெளியே இருந்தது நாங்கள் மூன்று பேர். மாமனார் ஹாலில் டிவியின் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, வாயசைப்பதைப் பார்த்தே செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். நான் சாப்பாட்டு மேஜையில் என் லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். வாண்டு காலடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவ்வப்போது மூடிய கதவைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து எனக்கே 'உஷ்' காட்டினாள். மூன்றரை வயதுக்கு அது ரொம்பப் பொறுப்பான பிள்ளை.

பதினொன்றே காலுக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"மேடம், ஒரே நேரத்துக்கு ரெண்டு ரெண்டு பேர வரச் சொல்லி மெசேஜ் போயிருக்கு. நாலு ஆஸ்பத்திரில வாசல்லயே சண்ட. உங்க பக்கம்தான் காட்டுது."

"என்னன்னு பாக்குறேன் சார்."

"பாக்குறதெல்லாம் இல்ல. பன்னெண்டு மணிக்குள்ள சரியாகணும். பன்னெண்டுக்கு நானும் மேலிடத்துல ரெண்டு பேரும் வீடியோ கால்ல வருவோம். என்ன தப்பு, எப்படி சரி பண்ணீங்கன்னு ஸ்க்ரீன்ல காட்டி சொல்லுங்க. ஆர்க்கிடெக்ட் விஷயமும் பேசணும்னு இருக்காங்க, சொதப்பிடாதீங்க."

திறந்து பார்த்தேன். நேற்று ஒரு சின்ன மாற்றம் கேட்டு வந்திருந்தது. தேர்வுக்கு முந்தின நாள் சின்னவளைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று, நானும் மனுஷிதானே, அதை நானே செய்திருந்தேன். ஒரே ஒரு வரி. ஒரு வருஷத்தில் நானாக எழுதிய ஒரே வரி. அதுதான் நாலு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களை அடித்துக்கொள்ள வைத்திருந்தது.

அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வேறு இரண்டு இடத்தில் சிவப்பாக எரிந்தது. திரும்பப் போட்டேன். என் பெயர் போட்ட பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் என் பெயரில் இருந்தது, எதுவுமே எனக்குப் புரியவில்லை. டீமில் யாரிடமாவது கேட்கலாம் என்றால், மேடம் இது நீங்க எழுதினதுதானே என்பார்கள். 'எனக்குத் தெரியவில்லை சார்' என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. அது என் வாயில் வரவில்லை. மணி பதினொன்றரை. தேர்வு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் விசைகளின் சத்தம் மழை மாதிரி நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய இரண்டு கையும் அங்கே எனக்காக இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வாண்டு எழுந்து தாளை நீட்டினாள். பெரிய தலை, ஆறு விரல் உள்ள கை, பக்கத்தில் ஒரு பெட்டி.

"இது யாரு?"

"அம்மா. இது கம்பூட்டர்."

"ரொம்ப நல்லா இருக்கே. அம்மாகிட்ட காட்டினியா?"

"அம்மா வரக் கூடாது சொன்னா." உதட்டில் விரலை வைத்தாள்.

"இப்ப போலாம். பெரியம்மா சொல்றேன்ல."

"அம்மாக்கு வேல போயிடும்."

"அதெல்லாம் போகாது. படத்தப் பாத்தா அம்மாக்கு சந்தோஷமா இருக்கும். போய் குடு."

பிள்ளை என்னைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. எதை நம்புவது என்று அதற்குத் தெரியவில்லை. பெரியம்மா சொல்கிற பேச்சைக் கேட்க வேண்டும் என்று அதன் அம்மாதானே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கைப்பிடி அதற்கு எட்டும், ஆனால் கை அதன் பக்கம் போகவில்லை. நான் எழுந்து போய்ச் சத்தமில்லாமல் திருகிக் கதவை ஒரு சாண் திறந்து, விலகி நின்றுகொண்டேன். முதுகில் லேசாகத் தட்டினேன். "போ."

"அம்மா, இங்க பாரு!" என்று கத்திக்கொண்டு ஓடியது.

நான் நேராகப் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்தும் கேட்டது. "இல்ல சார். சார், ப்ளீஸ். அது என் பொண்ணு சார், மூணு வயசு. நான் எதுவும் பாக்கல, யார்கிட்டயும் பேசல. சார், ஒரு நிமிஷம் கேளுங்க சார். இது எனக்கு ஒரு சான்ஸ்தான் சார்…" அப்புறம் டங் என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. நான் தண்ணீரை இழுத்துவிட்டு, கையைக் கழுவி, துடைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

"என்ன சத்தம்? வாண்டு எங்க? அய்யய்யோ! ஒரே ஒரு நிமிஷம்தான் பாத்ரூம் போனேன்!"

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரே ஒரு வாக்கியம், கீழே ஒரு பொத்தான். வாண்டு படத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"நாலு கேள்வில மூணு முடிச்சிட்டேன் அக்கா," என்றாள் மெதுவாக. "நாலாவதும் பாதி வந்துடுச்சு. ஈசியாதான் இருந்துச்சு."

"எல்லாம் என்னாலதான். நான் ஒரு நிமிஷம் நகராம இருந்திருந்தா…"

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க. பாத்ரூம் கூடவா போகாம இருக்க முடியும்." என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் தோள் நனைந்தது. நானும் அழுதேன், எனக்கு அழுகை நன்றாகவே வந்தது. அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று முப்பத்தெட்டு.

ஐந்து நிமிஷம் பொறுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். "இந்த நேரத்துல கேக்கவே கூடாது. ஆனா எனக்கு இப்ப தலை போற பிரச்சினை. பன்னெண்டு மணிக்கு மேலிடமே வருது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "குடுங்க," என்றாள்.

என் லேப்டாப்பை எடுத்து வந்து அதே மேஜையில் வைத்தேன். தேர்வு எழுதிய அவளுடைய பழைய லேப்டாப்பை அவளே மூடி ஓரமாக நகர்த்தினாள். கண்ணீர் நிற்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது, விரல்கள் அது பாட்டுக்கு ஓடின. மூன்று நிமிஷத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கா, இது நான் எழுதலயே. இப்படி நான் எழுத மாட்டேனே."

ஓரத்தில் என் பெயர் இருந்தது. மேலேயும் கீழேயும் இருந்த ஆயிரம் வரிகளிலும் அதே பெயர்தான். எது அவளுடையது, எது என்னுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"நீதான்மா. முந்தாநேத்து மத்தியானம் தூக்கக் கலக்கத்துல போட்டிருப்ப. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கும் அக்கா. ரெண்டு நாளா மண்டையே சரியில்ல," என்றாள். "சாரி அக்கா. உங்களுக்கு இவ்ளோ பிரச்சினை ஆயிடுச்சு என்னால."

"அதுக்கென்ன. யாருக்கும் வர்றதுதான்."

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது. ஏற்கெனவே இரட்டையாகப் பதிவானவர்களைப் பிரித்து வேறு நேரம் கொடுக்கவும் வழி செய்திருந்தாள். என்ன தப்பு, எப்படிச் சரி செய்தது என்று நாலு வரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ஒப்பித்தேன். மேலிடத்தில் ஒரு பெண் இருந்தார். "நெருக்கடியில் இவ்வளவு நிதானமாக இருக்கும் பெண்கள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சமயத்தில் சின்னவள் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

மாலை ஐந்தரைக்குக் கொழுந்தன் வந்தான். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருந்தாள். யாரையும் கோபித்துக்கொள்ளும் ஜாதி இல்லை அவன். ஹாலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். மாமனார், பாதித் தூக்கத்தில் கோட்டை விட்ட குற்ற உணர்ச்சியில், சேரில் ஒடுங்கியிருந்தார். சின்னவள் சுவரோரம் நின்றாள். நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்தன் வாண்டுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "ஏன்டா செல்லம் உள்ள போன? அம்மாதான் போகக் கூடாதுன்னு சொன்னாளே. மறந்துட்டியா?"

"மறக்கல," என்றது வாண்டு. "பெரிம்மா போ சொன்னாங்க."

என் கையில் இருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"என்னது?" என்றார் மாமனார்.

"பெரிம்மா கதவ தொறந்தாங்க. அம்மாகிட்ட படம் காட்டு, போ சொன்னாங்க. அம்மாக்கு வேல போகாது சொன்னாங்க." பிள்ளை பதற்றமே இல்லாமல் சொன்னது. கேட்டார்கள், சொல்கிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

இல்லை என்று சொல்வதற்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம், அதுகூட முடியவில்லை. சின்னவள் சுவரிலிருந்து முதுகை எடுத்து என்னைப் பார்த்தாள். ஒரு வரியில் தப்பு எங்கே என்று தேடும்போது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாளே, அதே பார்வை. முடிந்தது என் கதை என்று நினைத்தேன். பதினாறு வருஷம், கேடயம், நாற்காலி, இந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை, எல்லாம் அந்த ஒரு பார்வையில் தொங்கியது.

அவள் இரண்டே எட்டில் வந்து பிள்ளையின் கன்னத்தில் அறைந்தாள்.

"பொய்யா சொல்ற? இந்த வயசுலயே பழி போடக் கத்துக்கிட்டியா? பெரியம்மா பாத்ரூம்லதானே இருந்தாங்க!"

வாண்டுவை அதுவரை அந்த வீட்டில் யாரும் அடித்ததில்லை. அதற்கு உடனே அழக்கூடத் தெரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பெரிம்மாதான் சொன்னாங்க," என்றது. அவள் இன்னொன்று வைத்தாள். கொழுந்தன் அவள் கையைப் பிடித்தான். "விடு, சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்."

"தெரியாதா? என் வேலையும் போச்சு, இப்ப பொய் வேற. நம்மளுக்காக ஓடி ஓடி செய்யிறவங்க மேலயே பழி போடுது. என்னத் தங்கச்சி மாதிரின்னு ஊர் பூரா சொல்றாங்க அவங்க!"

அந்த அடி என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் நான் நல்லவளாகத் தெரிவேன். அப்படி இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. ஒரு குழந்தை அடி வாங்குவதைப் பார்த்து எனக்கு மூச்சு சீரானது. அந்த நிம்மதியை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

"பெரியம்மாகிட்ட சாரி சொல்லு," என்றாள் சின்னவள்.

வாண்டு தலையை ஆட்டியது. இப்போது அழுகை வந்துவிட்டது. தேம்பலுக்கு நடுவில் மறுபடியும் அதையே சொல்ல வாயெடுத்தது. அவள் கையை ஓங்கினாள். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டது. மாமனார், "சொல்லிடு தாயி, சொல்லிட்டா விட்டுருவாங்க," என்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். எல்லோரும் காத்திருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அது அப்பாவின் மடியிலிருந்து இறங்கி, நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. கன்னத்தில் மூன்று விரல் பதிந்திருந்தது. என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. நடந்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். நான் இப்போதாவது சொல்வேன் என்று அது காத்திருந்தது போல எனக்குப் பட்டது. நான் துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தேன்.

"சாரி பெரிம்மா," என்றது.

"எதுக்கு சாரின்னு சொல்லு," என்றாள் சின்னவள் பின்னாலிருந்து.

"நான் பொய் சொன்னேன். நான்தான் கதவ தொறந்தேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா," என்றாள் சின்னவள்.

"குழந்தைதானே," என்றேன். வாண்டுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டேன். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது, என் மேல் சாயவில்லை. எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"இனிமே பொய் சொல்லக் கூடாது, சரியா?"

"சரி பெரிம்மா," என்றது.